சாகாத ஒருத்தியின் கதை

கதை சொல்லப் போய் வாயடைத்து உட்கார்ந்த ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். தள்ளிப் போட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்த நாளைச் சொன்னால் எங்கக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்க வீட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது.

விழுப்புரம் பக்கம் எங்க காலனியில், சமுதாயக்கூடத்துத் திண்ணையில், சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பொம்பளைப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறோம். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை படிக்கிற பதினாலு பேர். மற்ற நாளெல்லாம் கணக்கும் இங்கிலீசும். வெள்ளிக்கிழமை மட்டும் கதை. பாடப் புத்தகத்தில் இல்லாத வரலாற்றைக் கதையாகச் சொல்வது. அந்த ஒரு நாளைக்குத்தான் பதினாலு பேரும் தவறாமல் வந்து உட்காருவார்கள்.

அன்றைக்குக் குயிலி கதை. 1772இல் காளையார்கோவிலில் கும்பினிப் படை முத்துவடுகநாதரைக் கொன்றது, வேலு நாச்சியார் தப்பித்துப் போய்ப் படை திரட்டி 1780இல் சிவகங்கையை மீட்டது, அந்தப் படையில் நம் சனத்தில் பிறந்தவள் என்று கொண்டாடப்படுகிற குயிலி உடம்பெல்லாம் நெய்யை ஊற்றித் தீ வைத்துக்கொண்டு ஆயுதக் கிடங்கில் குதித்தது. நானும் நன்றாகவே சொல்வேன். எழுந்து நின்று கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கிச் சொன்னேன். முடித்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். ஒரு பிள்ளை மட்டும் தட்டவில்லை. பத்தாவது படிக்கிற பெண். எப்போதும் தூணில் சாய்ந்துதான் உட்காரும், அதிகம் பேசாது.

"ஏங்கா, நம்ம ஆளுங்க சாவாம எதையுமே ஜெயிக்க முடியாதா?"

பக்கத்தில் இருந்த இன்னொன்று சேர்ந்துகொண்டது. "ராணியம்மா குதிச்சிருக்கலாம் இல்ல? கோட்ட அவங்களுதுதானே!" எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நெருப்பு என்ற சொல்லை இத்தனை வருஷமாக வீட்டில் பேசாமல் ஒளித்து வைத்திருந்தவள், திண்ணையில் நின்று கையை ஆட்டி அதைக் கொண்டாடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

எங்கக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். ஒன்பதாவது படிக்கும்போது வயசுக்கு வந்தாள். சடங்கு முடிந்த கையோடு படிப்பு நின்றது. ஊர்த்தெருவைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும், பெரிய பொண்ணு, ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் யார் கேட்பது என்றார் அப்பா. அவர் பயந்ததும் பொய்யில்லை. ஒரு வருஷம் அம்மாவோடு கரும்பு வெட்டுக்கும் நடவுக்கும் போனாள். அப்புறம் ஒரு நூல் மில்லில் மூன்று வருஷ ஒப்பந்தம். முடித்து வரும்போது மொத்தமாகப் பணம், கல்யாணத்துக்கு ஆகும் என்று ஆள் பிடிக்க வந்தவர் சொன்னார். பஞ்சுத்தூசி இழுத்து இழுத்து இருமலோடு வந்தாள். சொன்ன பணத்தில் பாதிதான் வந்தது. அது கல்யாணத்துக்குப் போயிற்று.

2003ஆம் வருஷம், நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன், அக்கா எரிந்து போனாள். பெரியாஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று எழுதினார்கள். எழுதின தாளில் அம்மா கைநாட்டு வைத்தாள். எழுதியதைப் படித்துக் காட்ட யாரும் இல்லை. பத்தாவது படிக்கிற நான் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் வாங்கிப் படிக்கத் தோன்றவில்லை, தைரியம் வரவில்லை. அக்கா வாழ்ந்த அந்த வீட்டில் ஸ்டவ்வே கிடையாது. விறகடுப்புதான்.

அவளே வைத்துக்கொண்டாளா, வைத்தார்களா, இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். எழுதினது பொய்.

அன்றைக்கு ராத்திரி படுத்தபடி யோசித்தேன். இந்தப் பிள்ளைகளுக்கு நாம் என்ன கதை வைத்திருக்கிறோம்? நான் எம்.ஏ. தமிழ் படித்தவள். வரலாற்று நாவல் என்றால் எங்களுக்குக் காட்டப்பட்டது 'பொன்னியின் செல்வன்'தான். 1950 முதல் 1954 வரை 'கல்கி' வார இதழில் வந்த கதை. விடுதியில் ஐந்து பாகத்தையும் வரிசை போட்டுப் படித்தோம். நானும் குந்தவையாக இருந்து பார்த்தேன், ஒட்டவில்லை. பூங்குழலி மட்டும் பிடித்தது. கடலில் தனியாகப் படகு விடுகிறவள், யாருக்கும் அடங்காதவள். ஆனால் அவள் கட்டிக்கொள்கிற பூக்காரப் பையன் கடைசியில் ராஜகுமாரனாகத் தெரிய வருகிறான், சோழ சிம்மாசனத்தில் ஏறுகிறான். படகுக்காரி கதை படகுக்காரியாகவே முடியக் கூடாதாம், அவளும் ராணியாக வேண்டியிருக்கிறது.

அதே ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோவிலில் வெட்டி வைத்த கல்வெட்டில், வரி நீக்கிய நிலங்களைக் கணக்குச் சொல்லும்போது ஊர்நத்தத்தோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் வருகின்றன. அந்த எழுத்தைக் கல்லிலேயே வெட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வருஷமாக அங்கேயே இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று தேடித் தேடிக் கதை எழுதினவர்களுக்கு, அந்தத் தீண்டாச்சேரிக்குள் ஒரு எட்டு எடுத்து வைக்கத் தோன்றவில்லை. அங்கே பதினாலு வயதுப் பிள்ளை ஒருத்தி இருந்திருக்க மாட்டாளா? அவளுக்குப் பசி இருந்திருக்காதா, ஆசை இருந்திருக்காதா, கோவம் இருந்திருக்காதா?

சரி, நம் தரப்பில் என்ன செய்தோம்? நாமும் பதிலுக்கு வீராங்கனைகளைத் தேடினோம். தேட வேண்டியதுதான், தப்பில்லை. குயிலிக்குச் சிவகங்கையில் நினைவுத்தூண் நிற்பதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் நாம் பொறுக்கி எடுத்துப் பிள்ளைகள் கையில் கொடுக்கிற பெண்கள் பெரும்பாலும் செத்துத்தான் பெரியவர்கள் ஆகிறார்கள். மானத்துக்காகச் சாகிறார்கள், தலைவிக்காகச் சாகிறார்கள், மண்ணுக்காகச் சாகிறார்கள். ஏற்கெனவே "மானம் போச்சின்னா உசுரு எதுக்கு" என்று வீட்டில் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு இதையே வரலாறு என்று சொல்லிக் கொடுத்தால் அது என்ன உரிமை? யாரை எழுப்புகிறோம் நாம்?

அப்புறம்தான் வேறு மாதிரித் தேட ஆரம்பித்தேன். செத்தவர்களை விட்டுவிட்டு, பிழைத்துக் கிடந்து ஜெயித்தவர்களைத் தேடினேன்.

முதலில் சொன்னது கல்லுமாலை. திருவிதாங்கூரில் புலையர் பெண்கள் மேலாடை போடக் கூடாது, கழுத்தில் கல்மணி மாலைதான் போட வேண்டும், அதுதான் சாதி அடையாளம். அய்யன்காளி அதை அறுத்துப் போடச் சொன்னார். 1915இல் பெரிநாட்டில் கூட்டம் கூடினபோது அடித்தார்கள், குடிசைகளை எரித்தார்கள். அந்த வருஷமே கொல்லத்தில் மறுபடியும் கூடினார்கள். பெண்கள் கதிரறுக்கிற அரிவாளால் கழுத்து மாலையை அறுத்து அறுத்து வீசினார்கள். குவியலாகக் கிடந்ததாம். மாலையை வீசிவிட்டு அந்தப் பெண்கள் என்ன செய்தார்கள்? வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் எழுந்து வேலைக்குப் போனார்கள், கழுத்து சும்மா இருந்தது. இதைச் சொன்னபோது தூணோரத்துப் பிள்ளை முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தது. "யாரும் சாவல" என்றது தனக்குத்தானே.

இரண்டாவதுதான் முக்தாபாய். சூசி தாருவும் கே. லலிதாவும் தொகுத்து 1991இல் ஆங்கிலத்தில் வந்த இந்தியப் பெண் எழுத்துத் தொகுதியில் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அகராதியை வைத்துக்கொண்டு எழுத்துக்கூட்டித்தான் படித்தேன். பூனாவில் 1848இல் சாவித்திரிபாயும் ஜோதிராவ் பூலேயும் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். பாடம் நடத்தப் போகிற சாவித்திரிபாய் மேல் சாணியை வீசினார்கள், அவர் மாற்றிக்கட்ட இன்னொரு புடவை எடுத்துப் போவாராம். பூலே தம்பதியின் பள்ளியில் படித்த மாங் சாதிப் பெண் முக்தாபாய். 1855இல், பதினாலு வயதில், மாங்குகளும் மகர்களும் படுகிற துன்பத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினாள். 'ஞானோதயா' என்கிற மராத்திப் பத்திரிகையில் அச்சாயிற்று.

அதில் என்ன எழுதினாள் என்று பிள்ளைகளுக்கு என் வார்த்தையில் சொன்னேன். வேதம் எங்களுக்கு மட்டும்தான் என்று பார்ப்பனர் சொல்கிறார்களே, அப்படியானால் எங்களுக்கு வேதமே இல்லை, நாங்கள் எந்த மதத்துக்காரர்கள் என்று கேட்கிறாள். எங்களை மாடுகளை விடக் கீழாக நடத்தினார்கள் என்கிறாள். எங்கள் பெண்கள் தலைக்கு மேல் கூரை இல்லாமல் மழையிலும் குளிரிலும் பிள்ளை பெறுகிறார்கள், அந்த வலி உங்களுக்குத் தெரியுமா என்கிறாள்.

பதினாலு வயதில் பிரசவத்தைப் பற்றி எழுதியிருக்கிறாள், தோழர்களே. பெரிய பெரிய அறிஞர்கள் சாதியைப் பற்றி எழுதும்போது வேதம், ஸ்மிருதி, வர்ணம் என்று போவார்கள். இந்தப் பிள்ளை நனைகிற வயிற்றிலிருந்து ஆரம்பிக்கிறது. தலித் பெண்ணியம் என்று நாம் கருத்தரங்கம் போட்டுப் பேச ஆரம்பித்ததற்கு நூறு வருஷத்துக்கும் முன்னால், ஒரு சின்னப் பிள்ளை சாதியையும் பெண் உடம்பையும் ஒரே தாளில் வைத்துவிட்டது.

இதைக் கதையாக்கிச் சொல்ல வேண்டும் என்று ஆசை. வெறும் தகவலாகச் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடும். அடுத்த வெள்ளிக்கிழமை ஆரம்பித்தேன். விடியற்காலம், முக்தா எழுந்தாள், அவங்கம்மா நாரை முறுக்கிக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள், முக்தா பள்ளிக்கூடம் போகிற வழியில் நாலு பேர் கல்லெறிந்தார்கள், அவள் திரும்பிப் பார்த்தாள் என்று இப்படி. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தூணோரத்துப் பிள்ளை கையைத் தூக்கியது.

"இதெல்லாம் அந்தப் பொண்ணே எழுதி வச்சிச்சா?"

"இல்ல. நானா நெனச்சிச் சொல்றது."

"அப்ப எது நெசம்?"

இரண்டாவது தடவையும் வாயடைத்தேன். ஆனால் இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் நாமே பொய்யால் கெட்டவர்கள். தலையில் பிறந்தான், காலில் பிறந்தான் என்று ஒருவன் கட்டிய கதைதான் இத்தனை காலமும் நம்மை மிதித்தது. நந்தன் தீயில் இறங்கிச் சுத்தமாகி வந்தான் என்று பெரியபுராணம் சொல்லிற்று, அதையும் பக்தி என்று நம்பச் சொன்னார்கள். ஸ்டவ் வெடித்தது என்று தாளில் எழுதினார்கள், அதிலும் கைநாட்டு வைத்தோம். அப்படிப்பட்ட நாம், நம் பிள்ளைகளுக்கு நல்லதுதானே என்று இன்னொரு புராணத்தைக் கட்டிக் கொடுத்தால், அவர்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

கரும்பலகையில் நடுவாகக் கோடு போட்டேன். இந்தப் பக்கம் 'தெரிஞ்சது'. அந்தப் பக்கம் 'நெனச்சது'. தெரிந்த பக்கத்தில் ஏழெட்டு வரிதான் வந்தது. பேர், சாதி, ஊர், வயது, வருஷம், பள்ளிக்கூடம், பத்திரிகை, கட்டுரையில் எழுதினது. நினைத்த பக்கத்தில் பலகையே போதவில்லை. கயிறு திரிக்கிற அம்மா அந்தப் பக்கம் போனாள், கல்லெறிகிற நாலு பேர் அந்தப் பக்கம் போனார்கள். பிள்ளைகளுக்கு இது விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. "யக்கா, அது நெனச்ச பக்கம்!" என்று என்னையே மடக்குவார்கள். கதையின் ருசி குறைந்ததா என்றால் இல்லை. எது நிஜம் என்று தெரிந்த பிறகு கற்பனையைப் பயமில்லாமல் அனுபவிக்கிறார்கள்.

அந்தக் கட்டுரைக்குப் பிறகு முக்தாபாய் என்ன ஆனாள் என்று சொல்ல வரலாற்றில் தடயம் இல்லை. பதினாலு வயதோடு தாள் முடிந்து விடுகிறது. பிள்ளைகளிடம் சொன்னேன். "மிச்சத்த நீங்க எழுதுங்க. நோட்டுல மேல 'நெனச்சது'ன்னு போட்டுட்டு எழுதுங்க."

ஒருத்தி அவளை டீச்சராக்கினாள். ஒருத்தி கலெக்டராக்கினாள், 1855இல் எங்கே கலெக்டராவது என்று மற்றவர்கள் அடித்துத் திருத்தினார்கள். ஒரு எட்டாவதுப் பிள்ளை அவளை மருத்துவச்சியாக்கி, மழையில் பிள்ளை பெறுகிறவர்களுக்கு ஓலைக் கொட்டகை போட்டுக் கொடுத்தாள் என்று எழுதியிருந்தது. எனக்குத் தோன்றவில்லை அது. தூணோரத்துப் பிள்ளை எழுதினது நாலே வரி. முக்தா கிழவியாகி விடுகிறாள். பல் போய்விட்டது, வெற்றிலையை இடித்துத்தான் போடுகிறாள். பேத்தியைக் கூப்பிட்டுத் தான் எழுதினதைப் படிக்கச் சொல்கிறாள். பேத்தி தப்பாகப் படித்தால் திட்டுகிறாள்.

அவ்வளவுதான் கதை. அதை வாசித்துவிட்டுச் சமுதாயக்கூடத்துக்குப் பின்னால் போய் அழுதேன். எங்கக்கா இருந்திருந்தால் இப்போது நாற்பதைத் தாண்டியிருப்பாள். தலை நரைக்க ஆரம்பித்திருக்கும். நம் பெண்களில் ஒருத்தி கிழவியாவதே பெரிய வரலாறு என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது?

இத்தோடு நிறுத்தியிருந்தால் நல்ல கட்டுரையாக இருந்திருக்கும். ஆனால் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அரையாண்டுப் பரீட்சை முடிந்த லீவில் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணம் பேசினார்கள். மாமன் முறை. தேதி குறித்து, பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். பதினெட்டு வயதுக்கு முன்னால் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006ஆம் வருஷச் சட்டப்படி குற்றம் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன், 1098 என்கிற எண்ணையும் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு அது சொல்லவில்லை. சிநேகிதி வீட்டு செல்போனில் அதுவே கூப்பிட்டிருக்கிறது. வண்டி வந்து நின்ற பிறகுதான் எனக்கே தெரியும்.

வந்த அதிகாரி விசாரித்தார். அப்பா காலில் விழாத குறையாகப் பேசினார். அதிகாரிக்கும் சீக்கிரம் முடித்துவிட்டுப் போக வேண்டும். ஒரு தாளில் எழுதிப் பிள்ளையிடம் கையெழுத்துக் கேட்டார். அது பேனாவை வாங்கவில்லை.

"படிச்சிட்டுப் போடறேன்."

கல்யாணப் பேச்சு எதுவும் நடக்கவில்லை என்று எழுதியிருந்தது. "தேதி குறிச்சி பத்திரிக அடிச்சாச்சி. அத எழுதுங்க" என்றது. குரல் நடுங்கிற்று, கையும் நடுங்கிற்று. நான் ரெண்டடி தள்ளி நின்றேன், 2003இல் நின்ற மாதிரியே. இந்தத் தடவை என்னால் வாய் திறக்க முடிந்தது. "அவ சொல்றத எழுதுங்க சார்" என்றேன். வேறு தாள் எடுத்து எழுதினார். கல்யாணம் நின்றது.

கதை சொன்னதால் இது நடந்தது என்று மார்தட்ட மாட்டேன். அந்தப் பிள்ளைக்குச் சுபாவத்திலேயே கேள்வி கேட்கிற குணம். பதினாலு பேரில் வேறொரு பிள்ளை அந்த வருஷமே துணிக் கம்பெனிக்குப் போய்விட்டது, எந்தக் கதையும் அதைத் தடுக்கவில்லை. கல்யாணம் நின்ற பிறகு ரெண்டு வீட்டில் பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். "எம்பொண்ணுக்கு வாய் வளத்து வுட்டவ" என்று அந்தப் பிள்ளையின் அம்மா குழாயடியில் என்னைத் திட்டினாள், இன்றைக்கும் என்னிடம் பேசுவதில்லை. அவளையும் நான் குறை சொல்ல மாட்டேன். எங்கம்மா மாதிரிதான் அவளும். பயத்தில் கைநாட்டு வைக்கிறவள். பிள்ளை இப்போது பதினொன்றாவது படிக்கிறது.

எழுதுகிற தோழர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கவிதை எழுதுகிறோம், தன்வரலாறு எழுதுகிறோம், வரவேற்பும் இருக்கிறது. ஆனால் பதினாலு வயதில் சேரியில் உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கென்று எத்தனை பேர் எழுதியிருக்கிறோம்? அவளுக்கு ராணிக் கதை வேண்டாம், ராணிக்காக எரிகிறவள் கதை மட்டுமே போதவும் போதாது. மாலையை அறுத்து வீசிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனவள், பத்திரிகைக்கு எழுதினவள், பள்ளிக்கூடம் போய் வந்தவள், பிள்ளை பெற்றுப் பிழைத்தவள், இவர்களை எழுதுங்கள். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், நினைத்ததை நினைத்தது என்றும் சொல்லி எழுதுங்கள். அந்தக் கோட்டை அழித்துவிடாதீர்கள், அது நம் பிள்ளைகளுக்கு வேண்டும்.

போன மாதம் அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அக்கா பேரை எடுத்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டாள்.

"அன்னிக்கி அந்தத் தாளுல என்னாடி எழுதியிருந்திச்சி?"

சொன்னேன்.

"ஸ்டவ்வா? அவ ஊட்ல ஏது ஸ்டவ்வு?" என்றாள்.

இருபது வருஷத்துக்கு அப்புறம் எங்கம்மா கேட்கிறாள். தெரிஞ்ச பக்கத்தில் அதை எழுதி வைக்கிறேன்.